2,800 கிளிக்கில் 600 படம் தேறினால் குறைவா?

மார்த்தாண்டம் பக்கம் தனியாகக் கல்யாண ஆர்டர் எடுக்க ஆரம்பித்திருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. காலையில் பெண் வீட்டில் அலங்காரம் தொடங்கி ராத்திரி வரவேற்பு முடியும் வரை ஏறக்குறைய 2,800 கிளிக் எடுத்திருக்கிறார். உட்கார்ந்து பொறுக்கியதில் கொடுக்கிற மாதிரி இருந்தது 600. ஊரில் ஒரு பழைய ஸ்டுடியோக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "தொழில்காரன்னா நூத்துக்குத் தொண்ணூறு நிக்கணும்" என்று சொல்லிவிட்டாராம். நான் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லையா, உண்மையில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் மனசை விடாதீர்கள். முழு நாள் கல்யாணத்தை ஒரே ஆள் எடுத்தால், எடுத்ததில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை கொடுக்கிற மாதிரி தேறும், என் அனுபவத்தில் இதுதான் வழக்கம். உங்களுடையது 21 சதவீதம் சொச்சம். வெளிநாட்டில் கல்யாணம் எடுப்பவர்களிடம் இன்னொரு கணக்கு உண்டு, எடுத்ததில் எத்தனை சதவீதம் என்று பார்க்காமல் வேலை செய்த ஒரு மணி நேரத்துக்கு 50 முதல் 100 படம் கொடுப்பது என்று வைத்துக்கொள்வார்கள். இடைவெளி கழித்து வேலை நேரம் எட்டு மணி என்று வைத்தால், அந்தக் கணக்கில் 400 முதல் 800. அப்படிப் பார்த்தாலும் உங்கள் 600 நடுவில்தான் நிற்கிறது.

ஆனால் பெரியவர் சொன்னதும் பொய் இல்லை. அவர் ஃபிலிம் காலத்தில் தொழில் செய்தவர். 35 மில்லிமீட்டர் ரோலில் 36 படம், மீடியம் ஃபார்மட் கேமராவில் 120 ரோல் போட்டால் சதுரப் படம் 12தான். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ரோல் காசு, கழுவுகிற காசு, பிரிண்ட் காசு மூன்றும் சேர்ந்து போகும். அதனால் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, 'இங்கே பாருங்க' என்று சொல்லி, லென்ஸ் திறப்பைச் சிறிதாக்கி எஃப் 8ல் வைத்து, ஃப்ளாஷ் நேராக அடித்து எடுப்பார்கள். அப்படி எடுத்தால் 90 சதவீதம் நிற்கத்தான் செய்யும், அதற்கு ஒழுக்கமும் கைப்பழக்கமும் வேண்டும், அதை நான் மதிக்கிறேன். ஆனால் நிச்சயம் இல்லாத ஒரு தருணத்துக்கு அவர்கள் ஷட்டரை அழுத்தவே மாட்டார்கள். பந்தியில் போளி பாயசம் விளம்பும்போது பாட்டி சிரித்த சிரிப்பை அவர் எடுக்கவில்லை, எடுக்காததால் அது அவர் கணக்கில் தோல்வியாகவும் ஏறவில்லை. உங்கள் கணக்கில் அது நாலு கிளிக்காக ஏறி, மூன்று கழிந்து, ஒன்று நின்றிருக்கும். அவருக்கு விட்டுப்போன படம் எங்கேயும் பதியவில்லை, உங்களுக்கு எல்லாமே கார்டில் பதிந்துவிடுகிறது. எதால் வகுக்கிறோம் என்பதே வேறாக இருக்கும்போது இரண்டு சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை.

அப்புறம் 'தேறியது' என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். கெட்டுப்போகாத படம் ஒன்று: கூர்மை இருக்கிறது, வெளிச்சம் சரி, யாருக்கும் கண் மூடவில்லை. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் படம் அதிலிருந்து பொறுக்கியது. நீங்கள் உங்கள் பெயரைப் போட்டு வெளியே காட்டும் படம் இன்னொன்று, அது ஒரு கல்யாணத்தில் பத்து கிடைத்தால் மனசு நிறையும், ஐந்து கிடைத்தாலும் நல்ல நாள். ஆன்சல் ஆடம்ஸ், அமெரிக்க மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் எடுத்த அந்த மேதை, ஒரு வருஷத்தில் முக்கியமான படம் பன்னிரண்டு கிடைத்தால் நல்ல விளைச்சல் என்று சொன்னதாகச் சொல்வார்கள். ராபர்ட் ஃப்ராங்க் என்ற புகைப்படக்காரர் 1955, 56ல் காரில் அமெரிக்காவைச் சுற்றி 27,000 ஃப்ரேமுக்கு மேல் எடுத்தார், அதில் 'தி அமெரிக்கன்ஸ்' என்ற தன் புத்தகத்துக்கு எடுத்துக்கொண்டது 83. நூற்றுக்கு ஒன்றில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அவரை யாரும் லாயக்கில்லாதவர் என்று சொல்லவில்லை, அந்த 83 படம் உலகத்தில் தெருவில் நின்று படம் எடுப்பவர்களின் பார்வையையே மாற்றிவிட்டது. கல்யாண வேலைக்கும் அதற்கும் தூரம் அதிகம் என்பது எனக்கும் தெரியும். எதைத் தேடுகிறோமோ அதற்குத் தகுந்தாற்போல் விகிதம் மாறும் என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது நீங்கள் கழித்த 2,200க்கு வருவோம். அதில் ஒரு பெரிய பங்கு உங்கள் கையில் இல்லாத காரணத்தால் போனது. கண் சிமிட்டலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நிமிடத்துக்குப் பத்து தடவை சிமிட்டுகிறார், ஒவ்வொன்றும் கால் விநாடி என்று வைத்தால், நிமிடத்தில் இரண்டரை விநாடி அவர் கண் மூடியிருக்கிறது. அதாவது எந்த நேரத்தில் அழுத்தினாலும் அவருக்குக் கண் மூடியிருக்க 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் வாய்ப்பு. ஒரு ஆளுக்கு இது ஒன்றுமே இல்லை. மேடையில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் 20 பேர் ஏறி நின்றால், 20 பேருக்கும் ஒரே நேரத்தில் கண் திறந்திருக்கும் வாய்ப்பு 43 சதவீதமாக இறங்கிவிடும். 50 பேர் என்றால் 12 சதவீதம். நீங்கள் எவ்வளவு பெரிய தொழில்காரராக இருந்தாலும் 50 பேர் குரூப்பில் எட்டு படத்துக்கு ஏழு படம் கழியத்தான் போகிறது. ஆஸ்திரேலியாவில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்ற இரண்டு பேர் இதையே கணக்காகப் போட்டு 2006ல் இக்நோபல் பரிசு வாங்கினார்கள். சிரிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற பரிசுதான், ஆனால் அவர்கள் சொன்ன விதி நமக்கு அப்படியே சோறு போடுகிற விஷயம்: 20 பேருக்குள் உள்ள குரூப் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை 3ஆல் வகுத்து அத்தனை படம் எடு, வெளிச்சம் குறைவு என்றால் 2ஆல் வகு. 18 பேர் நின்றால் பகலில் 6 படம், ராத்திரி 9 படம். இந்த விதிப்படி எடுத்தால் அந்தக் குரூப்புக்கு உங்கள் தேர்ச்சி விகிதம் ஆறில் ஒன்று, ஒன்பதில் ஒன்று. அது தோல்வி இல்லை, அப்படி எடுப்பதுதான் பொறுப்பு. ஒரே ஒரு படம் எடுத்து வந்து அதில் சித்தப்பாவுக்குக் கண் மூடியிருந்தால் அவர் ஆல்பத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் பெயர் அடிபடும்.

தாலி கட்டும் நேரமும் இதே மாதிரிதான். கெட்டிமேளம், குரவை, அட்சதை, எல்லாம் ஒன்றாக வரும், நாலு பக்கமும் கையும் செல்போனும் நீளும். விநாடிக்குப் பத்து என்று கேமராவை ஓடவிட்டால் மூன்று விநாடியில் 30 ஃப்ரேம். கொடுப்பது இரண்டு, அதிகம் போனால் மூன்று. இப்போது வரும் கேமராக்கள் விநாடிக்கு 20, 30 என்று ஓடுகின்றன, அதே மூன்று விநாடிக்கு 90 ஃப்ரேம், கொடுப்பது அதே மூன்று. கேமராவில் ஒரு செட்டிங்கை மாற்றினால் உங்கள் சதவீதம் 10லிருந்து 3க்கு இறங்குகிறது, படத்தின் தரம் மாறவே இல்லை. இதனால்தான் மொத்த சதவீதத்தை வைத்து யாரையும் எடை போடக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சரி, அப்படியானால் எதை வைத்து எடை போடுவது? கழித்த படங்களை அழிக்காமல், லைட்ரூம் என்ற படம் பொறுக்கித் திருத்தும் மென்பொருளில் கலர் லேபிள் போட்டுக் காரணப்படி பிரியுங்கள். ஒரே மாதிரி இருந்ததால் கழிந்தது ஒரு நிறம், கண்ணோ முகபாவமோ சரியில்லாதது ஒரு நிறம், ஃபோகஸ் போனது அல்லது ஷேக் ஆனது ஒன்று, வெளிச்சமும் ஃப்ளாஷும் பிசகியது ஒன்று, யாரோ குறுக்கே வந்தது ஒன்று. ஒரு ராத்திரி வேலைதான். முதல் இரண்டு நிறம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் கவலை வேண்டாம். மூன்றாவதும் நாலாவதும் சேர்ந்து மொத்தக் கிளிக்கில் பத்தில் ஒன்றைத் தாண்டினால், அங்கேதான் நீங்கள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் ஒரு தொழில்காரரை அளக்க நேர்மையான ஒரே சதவீதம் அதுதான், மற்றதெல்லாம் வேலையின் தன்மை.

ஃபோகஸில் புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழுவது அபெர்ச்சரில், அதாவது லென்ஸின் திறப்பில். 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.4ல் திறந்துவைத்து மூன்று மீட்டர் தூரத்தில் நின்றால், கூர்மையாகத் தெரியும் ஆழம் முழு ஃப்ரேம் கேமராவில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். மாப்பிள்ளை அரை அடி பின்னால் நின்றால் அவர் முகம் போச்சு. பின்னால் சீரியல் லைட் எல்லாம் உருண்டை உருண்டையாக மங்கி அழகாக இருக்கும், கேமராத் திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், வீட்டில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும். எஃப் 4க்குக் கொண்டுவாருங்கள், ஆழம் 30 சென்டிமீட்டர் ஆகிவிடும், இரண்டு பேரும் உள்ளே வந்துவிடுவார்கள். ஒரு ஆள் மட்டும் நிற்கும்போது திறந்துகொள்ளுங்கள். அப்புறம் மாலை. கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் தோவாளைப் பூவில் கட்டிய கனமான மாலை கழுத்து வரை ஏறியிருந்து தலையும் குனிந்திருந்தால் பல நேரம் அது பூவைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தில் மட்டும் புள்ளியை நீங்களே நகர்த்தி வையுங்கள்.

ஆடிட்டோரியங்களில் இன்னொரு தொல்லை எல்.இ.டி. மேடை விளக்கும் பின்னால் இருக்கும் எல்.இ.டி. திரையும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் சாதாரண விளக்குகள் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். அதனால் ஷட்டர் வேகம் 1/100 அல்லது 1/50 விநாடியில் இருந்தால் வெளிச்சம் படத்துக்குப் படம் மாறாது. மேடை எல்.இ.டி.கள் வேறு வேகத்தில் துடிக்கும், எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் முகத்தின் மேல் பட்டை பட்டையாக வரி விழும். சத்தம் வராது என்று நினைத்து அதை ஆன் செய்துவிட்டு வரவேற்பு முழுவதையும் வரியோடு எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், திருத்தி எடுக்கவே முடியாது. ஆள் வருவதற்கு முன்னாலேயே காலி மேடையை ஐந்தாறு ஷட்டர் வேகத்தில் எடுத்து, வரி விழாத வேகம் எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கோயிலானாலும் சர்ச்சானாலும் ஃப்ளாஷ் போடலாமா, எந்த நேரத்தில் போடக்கூடாது என்பதை முந்தின நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். பூசை நடுவில் போய் நின்று யோசிக்கும்போதுதான் படம் போகும். ஃப்ளாஷ் முழு பவரில் அடித்தால் மறுபடி சார்ஜ் ஆக இரண்டு மூன்று விநாடி எடுக்கும், அதற்குள் அழுத்தியதெல்லாம் இருட்டு. கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வைக் கொஞ்சம் ஏற்றி ஃப்ளாஷை கால் பவருக்கு இறக்கினால் அந்த வகைக் கழிவு பெருமளவு நின்றுவிடும்.

அவுட்டோருக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தனிக் கணக்கு வேண்டும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 8 டிகிரி வடக்கே. சூரியன் இங்கே சரிந்து இறங்காது, கிட்டத்தட்ட நட்டுக்குத்தலாக இறங்கும். அடிவானத்துக்கு மேல் 6 டிகிரியில் இருந்து கடலைத் தொட ஏறக்குறைய 25 நிமிடம்தான். ஐரோப்பாக்காரர்கள் வீடியோவில் நம்மைவிட அதிக நேரம் நின்று நிதானமாக எடுக்கும் அந்தப் பொன் வெளிச்சம் முட்டம், சங்குத்துறை கடற்கரைகளில் அரை மணி நேரம்கூட நிற்காது. அதனால் இடத்தையும் நிற்கும் கோணத்தையும் வெயில் இருக்கும்போதே முடிவு செய்துவிட்டு, அந்த 25 நிமிடத்துக்கு 30 நல்ல படம் என்று எதிர்பார்த்துப் போங்கள். 200 எடுத்து அதில் 30. அதற்கு மேல் வந்தால் சந்தோஷம். முட்டம் பாறையில் அலை அடித்துத் தெறிக்கும் உப்புத் தூசி லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும், எதிர் வெளிச்சத்தில் எடுக்கும்போது எல்லாப் படமும் மங்கலாகிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடையுங்கள். ஏ.சி. காரில் இருந்து இறங்கிய உடனே எடுத்தாலும் லென்ஸில் ஆவி பிடித்திருக்கும். கடற்கரைக்குப் போய்ச் சேர்வதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே ஏ.சி.யை அணைத்துக் கார் கண்ணாடியை இறக்கிவிடுவது நல்லது.

கல்யாணம் தவிர வேறு வேலைக்குப் போனால் இந்த எண்கள் எதுவுமே பொருந்தாது, அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் வடசேரியில் செய்கிற கோயில் நகை, பரதநாட்டியத்துக்குப் போடும் அந்தச் சிவப்புக் கல் நகைகள், அதை ஒரு விளம்பரத்துக்கு எடுத்தால் ஒரு நாளைக்கு எட்டு பத்து உருப்படி முடித்தாலே பெரிய விஷயம். நகையின் பளபளப்பில் கண்ணாடியில் தெரிகிற மாதிரி கேமராவே தெரியும், கல்லுக்கு ஒரு வெளிச்சம், பொன்னுக்கு ஒரு வெளிச்சம் வேண்டும். முழு நகையும் கூர்மையாக வர ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி இருபது முப்பது ஃப்ரேம் எடுத்து ஒன்றாகச் சேர்ப்போம். அந்த முப்பதில் தனியாக எதுவுமே உதவாது, சேர்ந்தால் ஒரு படம். இதில் சதவீதம் எப்படிப் போடுவீர்கள்? இன்னொரு கோடியில் தேரூர், சுசீந்திரம் குளங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022ல் சேர்ந்த இடம். பறக்கும் பறவையை எடுக்கப் போனால் 1/2000 ஷட்டரில் ஒரு காலை முழுவதும் அழுத்தி நூற்றுக்கு இரண்டு மூன்று நின்றால் நன்றாக எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

திரும்பக் கல்யாணத்துக்கு. வாடிக்கையாளர் சதவீதம் கேட்க மாட்டார், 'அப்பா கைபிடித்துக் கொடுத்த படம் எங்கே' என்றுதான் கேட்பார். அதனால் வேலைக்குப் போகும் முன்னால், தவறவே கூடாத தருணங்களை ஒரு தாளில் எழுதுங்கள். இந்துக் கல்யாணம், சர்ச் கல்யாணம் இரண்டுக்கும் தனித்தனித் தாள். வீட்டுக்கு வீடு முறை மாறும், ஆகவே பெண் வீட்டில் விவரம் தெரிந்த ஒரு அத்தையிடமோ மாமாவிடமோ உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள், படுக்கையில் இருக்கும் தாத்தா பாட்டி யாராவது உண்டா என்பதையும் கேளுங்கள். பொறுக்கி முடித்த பிறகு ஒவ்வொரு வரிக்கும் குறைந்தது ஒரு நல்ல படம் இருக்கிறதா என்று சரிபாருங்கள். எல்லா வரியும் நிரம்பியிருந்தால் உங்கள் 600 முழு வேலை. ஒரு வரி காலி என்றால் 2,000 படம் கொடுத்தாலும் அது குறைதான்.

இந்த 600ஐ அப்படியே கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம், ஆனால் ஆல்பத்துக்கு அத்தனை போகாது. 12க்கு 36 அங்குல அளவில் 40 ஷீட், ஷீட்டுக்கு நாலைந்து படம் என்றால் 160 முதல் 200. அந்தத் தேர்வை முழுவதும் அவர்களிடம் விட்டுவிட்டால் மாசக்கணக்கில் இழுக்கும், நீங்களே 250 பொறுக்கிக் கொடுத்து அதில் மாற்றச் சொல்லுங்கள். 'எடுத்தது எல்லாத்தையும் ஹார்டு டிஸ்க்ல போட்டுத் தாங்க' என்று நம் ஊரில் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். கண் மூடிய படமும் பாதி வாயில் சோறோடு இருக்கும் படமும் வாட்ஸாப்பில் சுற்றினால் அது உங்கள் வேலையாகத்தான் தெரியும். ஆர்டர் பேசும்போதே, திருத்திய படங்கள் குறைந்தது 400 தருவேன், மற்றவை தருவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். 600 வரும் என்று தெரிந்தாலும் 400 என்றே எழுதுங்கள், கரண்ட் போகும், மழை வரும், முகூர்த்தம் தள்ளிப்போகும்.

கடைசியாக, எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கக்கூடிய ஒரே விஷயம் கார்டு. இரண்டு கார்டு போடும் கேமரா என்றால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று நிரம்பினால் அடுத்தது என்று வைக்காதீர்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் அசல் பதிவான ரா ஃபைல் ஒன்று 25 முதல் 30 எம்.பி., 2,800 படத்துக்கு 70 முதல் 84 ஜி.பி., இன்றைய விலையில் அது பெரிய செலவு இல்லை. அன்று ராத்திரியே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிட்டுத்தான் தூங்க வேண்டும். கழித்த 2,200ஐயும் ஆல்பம் அவர்கள் கைக்குப் போய் ஒரு மாதம் ஆகும் வரை அழிக்க வேண்டாம். 'மாமா தனியாக நின்ற படம் ஒன்று இருந்ததே' என்று ஒரு ஃபோன் கண்டிப்பாக வரும், அது பெரும்பாலும் நீங்கள் கழித்ததில்தான் இருக்கும்.